பிள்ளையை யார் பார்ப்பது?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசுகிறவர்கள் கடந்து போன நூறு வருடத்தைப் பற்றித்தான் வழக்கமாகப் பேசுவார்கள். அதை எமக்கு முன் பேசிய இருவரும் எம்மைவிட நன்றாகச் செய்துவிட்டார்கள். மண்டபம் கட்டிய கதை, கூரை போன கதை, இடம்பெயர்ந்து கொட்டிலுக்குள் வகுப்பு நடந்த கதை எல்லாம் கேட்டாயிற்று. இந்தப் பள்ளியில் படித்து, சுற்றிச் சுழன்று, இதே பிரதேசத்தின் சுகாதாரப் பணிமனைக்கே வேலைக்கு வந்து சேர்ந்த எங்களிடம் பேசச் சொன்னபோது தலைப்பு உங்கள் விருப்பம் என்றார்கள். ஆகவே எங்கள் பணிமனை வாசலில் ஒவ்வொரு கிளினிக் நாளும் கேட்கிற ஒரு கேள்வியையே தலைப்பாக எடுத்துக்கொண்டோம். இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு களுத்துறையில் 1926 இல் தொடங்கியது. அதுவும் நூறைத் தொடுகிற காலம் இது. அந்த நூறு வருடத்தில் இந்த நாடு தாயையும் சேயையும் பிரசவத்தில் சாகாமல் காப்பாற்றக் கற்றுக்கொண்டது. காப்பாற்றிய பிள்ளையைத் தாய் வேலைக்குப் போன பிறகு யார் பார்ப்பது என்பதை மட்டும் அந்தந்தக் குடும்பத்தின் தலையில் விட்டுவிட்டது.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்கு ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் என்று நாங்கள் சொல்கிறோம். சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறோம். 2016 ஆம் ஆண்டின் தேசிய ஆய்விலே நம் நாட்டில் 82 வீதமான கைக்குழந்தைகளுக்கு அப்படியே கொடுக்கிறார்கள் என்று வந்தது. உலகம் நம்மைப் பார்த்து வியக்கிற எண் அது. ஆனால் தனியார் துறையில் வேலை செய்யும் ஒரு தாய்க்குச் சட்டம் கொடுப்பது 84 நாள், அதாவது பன்னிரண்டு வாரம். 2018 திருத்தத்துக்குப் பின் எத்தனையாவது பிரசவம் என்ற வேறுபாடு இல்லை என்பது நல்ல விஷயம்தான். ஆறு மாதம் என்பது இருபத்தாறு வாரம். இடையில் பதினான்கு வாரம் எங்கே போனது? அரசாங்க உத்தியோகத்தர் என்றால் முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள், பிறகு அரைச் சம்பளத்துடன் 84 நாள், அதன் பின் சம்பளமில்லாமல் 84 நாள் எடுக்கலாம். அரைச் சம்பளத்தில் வீட்டுக்கடன் கட்ட முடிந்தவர்களுக்கு அது சரி. தகப்பனுக்கு அரச சேவையில் மூன்று நாள். மூன்று நாளில் அவர் மருந்துக் கடைக்கும் பதிவாளரிடமும் போய்வர நேரம் சரியாக இருக்கும்.

லீவு முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதற்குப் புள்ளிவிபரம் தேவையில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் ஆசிரியைகளைக் கேட்டால் போதும். பாடசாலைக்கு அருகில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, ஒரு வயதான அம்மாவைப் பிள்ளையுடன் அங்கே இருத்தி, இடைவேளை மணி அடித்ததும் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிற ரீச்சர்மார் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள். வைத்தியசாலையில் இரவுக்கடமை செய்யும் தாதியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இடைவேளை மணியும் இல்லை. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகள், சந்தையில் மரக்கறி விற்கிறவர்கள், மீன் வாடியில் வேலை செய்கிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள் எல்லாம் அறை வாடகைக்கு எடுக்க முடியாதவர்கள். அவர்களுடைய பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கும். அல்லது பெரிய அக்கா பள்ளிக்கூடம் போகாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். வரவுப் பதிவேட்டில் அந்த அக்காவின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் கோடு விழும். இதுவும் ஒரு பெண்கள் பாடசாலையின் பிரச்சினைதான் என்பதை இங்கே சொல்லிவைக்க விரும்புகிறோம்.

நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் சம்பள வேலையிலோ வேலை தேடியோ இருக்கிறார்கள். ஆண்களில் அது பத்துக்கு ஏழு. நம் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளின் எண்ணிக்கையை நாம் மலரிலே பெருமையாக அச்சிடுகிறோம். பட்டம் பெற்று, வேலை பெற்று, முதல் பிள்ளையுடன் வேலையை விட்டவர்களின் எண்ணிக்கையை எந்த மலரும் அச்சிடுவதில்லை.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்ததா? பிள்ளையைத் தாய்தானே பார்த்தாள்?" என்று ஒரு மூத்த அக்கா எங்களிடம் கேட்டார். மரியாதையோடு சொல்கிறோம், அந்தக் காலத்திலும் தாய் தனியாகப் பார்க்கவில்லை. அம்மம்மா பார்த்தா. சித்தி பார்த்தா. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மாமி பார்த்தா. ஒரு வளவுக்குள் நான்கு வீடு இருந்தது. யுத்தமும் இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணமும் அந்த வளவைப் பிரித்துப் போட்டுவிட்டன. இன்று நம் ஊரின் அம்மம்மாமார் பலர் எங்கே இருக்கிறார்கள்? ரொறன்ரோவில், லண்டனில், சிட்னியில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கனடா 2011 இல் பெற்றோருக்கென்று ஒரு சிறப்பு விசாவைத் தொடங்கியது. 2022 இலிருந்து ஒரு தடவை போனால் ஐந்து வருடம்வரை தங்கலாம். மகள் அங்கே வேலைக்குப் போக அம்மம்மா பறக்கிறா, இங்கே இருக்கிற மற்ற மகள் பிள்ளையை வைத்துக்கொண்டு யாரிடம் போவதென்று தெரியாமல் நிற்கிறாள். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்த ஊரின் பிள்ளை பராமரிப்பு ஏற்றுமதியாகிவிட்டது என்பது உண்மை.

அம்மம்மா பறக்கிற அந்த நாட்டிலே என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நம் சங்கத்தின் மிகப் பெரிய கிளை ரொறன்ரோவில் இருப்பதால் பலருக்கு இது சொந்த அனுபவம். பிழையாகச் சொன்னால் இடைவேளையில் திருத்துங்கள்.

ஒன்ராறியோ மாகாணத்தில் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் பரிசோதிப்பதும் மாகாணக் கல்வி அமைச்சு. எந்தப் பகுதியில் எத்தனை இடம் தேவை என்று திட்டமிடுவதும், பணத்தைப் பகிர்ந்து கொடுப்பதும், வருமானம் குறைந்த குடும்பத்துக்குக் கட்டணத்தில் உதவுவதும் உள்ளூராட்சி. ரொறன்ரோ மாநகரசபை தானே சில நிலையங்களை நடத்துகிறது. எண்கள் கறாரானவை. பதினெட்டு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைகள் பத்துப் பேருக்கு மூன்று பராமரிப்பாளர். பதினெட்டு முதல் முப்பது மாதம்வரை ஐந்து பிள்ளைக்கு ஒருவர். அதற்கு மேல் எட்டுப் பிள்ளைக்கு ஒருவர். அனுமதிப்பத்திரம் வாசலில் தொங்க வேண்டும். வேலை செய்கிறவர்களுக்குப் பொலிஸ் நற்சான்றும் முதலுதவிப் பயிற்சியும் வேண்டும். பரிசோதகர் சொல்லாமல் வருவார். வீட்டிலே பிள்ளைகளைப் பார்க்கிற பெண்ணும் அனுமதி பெற்ற ஒரு முகவர் அமைப்பின் கீழ் வந்தால் ஆறு பிள்ளைகள்வரை பார்க்கலாம். நம் பெண்கள் பலர் அங்கே இதைத் தொழிலாகச் செய்கிறார்கள். அம்மம்மாவின் வேலைக்குச் சம்பளமும் மேற்பார்வையும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தக் கறார் சும்மா வரவில்லை. 2013 கோடையில், ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில், அனுமதியில்லாமல் நடந்த ஒரு வீட்டுப் பராமரிப்பில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று சூடேறிய வாகனத்துக்குள் விடப்பட்டு இறந்தது. சட்டம் அனுமதித்ததைவிடப் பல மடங்கு பிள்ளைகள் அந்த வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டைப் பற்றி முன்னரே முறைப்பாடுகள் போயிருந்தன, அவை சரிவரப் பின்தொடரப்படவில்லை என்று மாகாணத்தின் ஒம்புட்ஸ்மன் 2014 இல் அறிக்கை வெளியிட்டார். அதே வருடம் புதிய சட்டம் நிறைவேறி 2015 இல் நடைமுறைக்கு வந்தது. செல்வந்த நாடு, நிறையப் பரிசோதகர்கள் உள்ள நாடு. அங்கும் ஒரு பிள்ளையின் உயிர் போன பிறகுதான் சட்டம் இறுகியது. நாம் அப்படி ஒரு செய்திக்காகக் காத்திருக்கக் கூடாது.

கட்டணமோ அங்கே வானத்தில் நின்றது. 2020 அளவில் ரொறன்ரோவில் ஒரு கைக்குழந்தைக்கு மாதம் 1,800 டொலருக்கு மேல். 2021 இல் மத்திய அரசு ஐந்து வருடத்துக்கு ஏறத்தாழ 30 பில்லியன் டொலர் ஒதுக்கி, நாளுக்கு சராசரி 10 டொலருக்குக் கொண்டுவருவோம் என்றது. ஒன்ராறியோ 2022 மார்ச்சில் அதில் கையெழுத்திட்டது. 2025 ஜனவரியிலிருந்து திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில் நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்க முடியாது. பெற்றோருக்கு மிகப் பெரிய ஆறுதல். ஆனால் கட்டணம் குறைந்த வேகத்தில் இடங்கள் கூடவில்லை. கர்ப்பம் என்று தெரிந்த கிழமையே காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடுகிறார்கள். கட்டடம் இருந்தாலும் பயிற்றப்பட்ட பராமரிப்பாளர் கிடைப்பதில்லை, ஏனென்றால் அந்த வேலைக்குச் சம்பளம் குறைவு. இங்கிலாந்திலும் 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி போதிய இடங்கள் இருப்பதை உறுதிசெய்வது உள்ளூராட்சியின் கடமை. 2025 செப்டெம்பரிலிருந்து வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஒன்பது மாதத்திலிருந்தே கிழமைக்கு 30 மணித்தியாலம் அரச செலவு. அங்கும் ஆட்கள் போதாத கதைதான். ஆகவே பணம் மட்டும் போதாது, கட்டடம் மட்டும் போதாது, பிள்ளையைத் தூக்குகிற கைக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும் என்பதை இரு நாடுகளும் நமக்கு இலவசமாகச் சொல்லித் தருகின்றன.

அவ்வளவு தூரம் போகாமலும் ஒரு முன்மாதிரி உண்டு. நம் நாட்டில் பகல் பராமரிப்பில் மிக நீண்ட அனுபவம் மலையகத் தோட்டங்களுக்குத்தான். பிள்ளைக் காம்பரா என்று அங்கே சொல்வார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய் விடியற்காலையில் பிள்ளையை ஆயம்மாவிடம் விட்டுவிட்டுப் போவாள், இடையில் வந்து பால் கொடுப்பாள். தொடங்கியது தாயின் நலனுக்காக அல்ல, கொழுந்துக்காக என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. இருட்டறையும் புகையும் சேலைத் தொட்டிலுமாகப் பல காலம் கிடந்த காம்பராக்களும் இருந்தன. இன்று அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்ற பெயரில் பயிற்றப்பட்ட சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களோடு நடக்கின்றன, தோட்டத்துக்குத் தோட்டம் தரம் மாறினாலும். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு இருக்கிற ஓர் ஏற்பாடு, யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ ஒரு வங்கி உத்தியோகத்தரின் பிள்ளைக்கு இல்லை. இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

முன்பள்ளி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஒழுங்கைக்கு ஒன்று இருக்கிறது. அது மூன்று வயதுக்குப் பிறகு. காலை எட்டு எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றரை, பன்னிரண்டுடன் முடிகிறது. எந்த உத்தியோகம் பதினொன்றரைக்கு முடிகிறது?

அனுமதி பெற்ற நிலையம் என்று நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பக்கத்து வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கிற பெண்களைக் குற்றவாளிகளாக்க அல்ல. அவர்கள் இல்லாவிட்டால் இந்த ஊரின் பாதி அலுவலகம் நாளைக்கே மூடப்படும். ஆனால் எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள் வீட்டுத் தரிசிப்பில் காண்பது என்ன? ஒருவர் ஒன்பது பிள்ளைகளைப் பார்க்கிறா. கிணற்றுக்கட்டு பிள்ளையின் இடுப்பளவுக்கும் இல்லை. உலகெங்கும் நீரில் மூழ்கி இறப்பது ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில்தான் அதிகம். வாளித் தண்ணீர் கூடப் போதும். வேலியில் மஞ்சள் அலரி காய்த்துத் தொங்குகிறது. குளிர்பானப் போத்தலில் மண்ணெண்ணெய் இருக்கிறது. அழுகிற பிள்ளைக்குக் கச்சான் கொடுக்கிறார்கள், ரம்புட்டான் காலத்தில் விதையோடு கொடுக்கிறார்கள். தொண்டையில் அடைத்தால் என்ன செய்வதென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டில் நுளம்புக் குடம்பி. பிறகு தொலைபேசி. சாப்பாடு ஊட்டவும் தொலைபேசி, நித்திரையாக்கவும் தொலைபேசி. இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்று எங்களிடம் வருகிற பிள்ளைகளில் சிலருக்குக் காதில் குறையில்லை, மூளையில் குறையில்லை. நாள் முழுக்க அவர்களோடு ஒருவரும் கதைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பெண் ஒன்பது பிள்ளையோடு எப்படிக் கதைப்பா? சோறு கொடுத்து, கழுவி, நித்திரையாக்கிவிட்டால் பகல் முடிந்துவிடும். குறை அவரில் இல்லை, எண்ணிக்கையில்.

ஒரு நிலையத்தைப் பதிவுசெய்வதால் வருகிற நன்மை கடுதாசியில் இல்லை. பதிந்த இடத்துக்கு எங்கள் ஆட்கள் போகலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீரையும் மலசலகூடத்தையும் சமையலறையையும் பார்ப்பார். குடும்பநல உத்தியோகத்தர் மாதம் ஒரு தடவை அங்கேயே நிறை எடுக்கலாம், தாய் அரைநாள் லீவு போட்டுக் கிளினிக் வர வேண்டியதில்லை. ஒன்பதாம் மாத எம்எம்ஆர், பன்னிரண்டாம் மாத மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, பதினெட்டாம் மாத ஊசி எதைத் தவறவிட்டார்கள் என்று சுகாதாரப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். கை, கால், வாய் நோய் வந்தால் ஒரே நாளில் எல்லாப் பெற்றோருக்கும் அறிவிக்கலாம். பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை அறை வெப்பத்தில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது, குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள்வரை வைக்கலாம் என்பதை அங்கே ஒருவருக்குப் பழக்கிவிட்டால் இருபது தாய்மாரின் பால் வீணாகாது. நாங்கள் ஆறு மாதம் என்று சொல்வதற்கு அப்போதுதான் அர்த்தம் வரும்.

பதிவு இலகுவானதா? இல்லை. முன்பள்ளிகளின் மேற்பார்வை 13 ஆவது திருத்தத்தின்படி மாகாணத்துக்கு உரியது. நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களமும் மாகாணத்தில் இருக்கிறது. முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருக்கிறார். 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை கொழும்பில் இருக்கிறது. சுகாதாரம் நாங்கள், கட்டடமும் குப்பையும் நகரசபை. நல்லது செய்யப் புறப்பட்ட ஒரு பெண் இத்தனை வாசலிலும் ஏறி இறங்குவதற்குள் மனம் விட்டுவிடுவா, பேசாமல் வீட்டு விறாந்தையில் தொடங்கிவிடுவா. அவவுக்கு வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உள்ளூராட்சிச் சபையில் இருப்பதுதான் பொருத்தம். ஏனென்றால் தெருவுக்கு எத்தனை பிள்ளை, எந்தக் கட்டடம் சும்மா கிடக்கிறது, சந்தை எத்தனை மணிக்குக் கூடுகிறது என்பது தெரிந்த நிர்வாகம் அதுதான். நூலகம் நடத்துகிறது, முன்பள்ளி நடத்துகிறது, ஆயுர்வேத மருந்தகம் நடத்துகிறது. பகல் பராமரிப்பு அதற்கு அந்நிய வேலை அல்ல. 2023 மார்ச்சிலிருந்து தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் இருந்த சபைகளுக்கு 2025 மே மாதத் தேர்தலோடு மறுபடி உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் பெண்களும் இருக்கிறார்கள், நம் பள்ளியில் படித்தவர்களும் இருக்கிறார்கள். வீதி விளக்கும் வாய்க்காலும் கேட்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. பிள்ளைப் பராமரிப்பு நிலையம் வேண்டும் என்று கேட்டு ஒருவரும் வரவில்லை என்று ஓர் உறுப்பினர் எங்களிடம் சொன்னா. கேட்காதது நம் பக்கம்தான்.

இனிக் காசுக்கு வருவோம். நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் வளைவு கட்டுவதா, வேறேதும் செய்வதா என்று குழுவில் பேச்சு நடப்பது எல்லோருக்கும் தெரியும். வளைவுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல, அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கணக்கையும் ஒரு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இருபத்துநான்கு பிள்ளைகள் உள்ள ஒரு சிறிய நிலையம். அதில் ஆறு பேர் கைக்குழந்தைகள், பத்துப் பேர் நடை பழகியவர்கள், எட்டுப் பேர் அதற்கு மேல். ஒன்ராறியோ எண்களை வைத்துப் பார்த்தால் ஐந்து பராமரிப்பாளர், ஒரு சமையல் உதவியாளர், மொத்தம் ஆறு பேர். இவ்வருடம் ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் சேர்த்தால் ஒருவருக்கு 34,500. ஆறு பேருக்கு மாதம் 207,000 ரூபா. இருபத்துநான்கால் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு 8,625. சாப்பாடு, காஸ், சவர்க்காரம் வேறு. அதே குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிற தாய்க்குச் சேமலாபப் பங்கு கழித்து 27,600 தான் கைக்கு வரும். அவளால் 8,625 கட்ட முடியாது. கைக்குழந்தையை மட்டும் தனியே பார்த்தால் இன்னும் மோசம். மூன்று பிள்ளைக்கு ஒருவர் என்பதால் பிள்ளைக்கு 11,500. ஆகவேதான் தனியார் ஒருவர் இதை நேர்மையாக நடத்தினால் நட்டம் வருகிறது. இலாபம் வர வேண்டுமானால் ஒன்று எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், அல்லது பராமரிக்கிற பெண்ணின் சம்பளத்தைக் குறைக்க வேண்டும். நம் முன்பள்ளி ஆசிரியைகள் என்ன கொடுப்பனவில் வேலை செய்கிறார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியும். அதே பாவத்தை இன்னொரு தடவை செய்ய வேண்டாம்.

பெற்றோர் பிள்ளைக்கு 4,000 ரூபா கட்டினால் 96,000 சேரும். மீதி 111,000. வருடத்துக்கு 1,332,000. மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய நாற்பது இலட்சம். கனடிய டொலர் 200 ரூபாவுக்கு மேல் நிற்கிற இந்நாளில், 2020 இல் ரொறன்ரோவில் ஒரு கைக்குழந்தைக்கு ஒரு வருடம் கட்டிய கட்டணத்தைவிட இது குறைவு. ஒரு பிள்ளை, ஒரு வருடம் அங்கே. இருபத்துநான்கு பிள்ளைகள், மூன்று வருடம் இங்கே. பொறுப்பாளருக்குக் குறைந்தபட்சத்தைவிடக் கூடக் கொடுக்க வேண்டும், சாப்பாட்டுச் செலவு சேர வேண்டும் என்பதால் தொகை கொஞ்சம் ஏறும். ஏறினாலும் நம் கைக்கு எட்டாத தொகையல்ல.

நாங்கள் கேட்பது இதுதான். சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவில் நகரசபையின் பழைய நூலகக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. மூன்று பெரிய அறை, மதில், குழாய்த் தண்ணீர் எல்லாம் உண்டு. கட்டடம், தண்ணீர், மின்சாரம், குப்பை அகற்றல் சபையுடையதாக இருக்கட்டும். முதல் மூன்று வருடச் சம்பளப் பற்றாக்குறை சங்கத்தினுடையதாக இருக்கட்டும். நான்காம் வருடத்திலிருந்து அந்தத் தொகைக்குச் சபையின் பாதீட்டில் ஒரு தலைப்பு வேண்டும், அது தொடக்க உடன்படிக்கையிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வருடத்தில் நல்ல பெயர் எடுத்து நான்காம் வருடம் மூடுகிற இன்னொரு திட்டமாகிவிடும். யுத்தம் முடிந்த பிறகு அப்படித் திறந்து மூடிய கட்டடங்கள், பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியவை, நம் ஊரில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். பெயர்ப்பலகை என்றதும் இன்னொன்று: நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்தக் காசுக்கு ஒரு தொட்டில் வாங்கலாம்.

நேரம் காலை ஆறரையிலிருந்து மாலை ஆறுவரை இருக்க வேண்டும். ஆடைத் தொழிற்சாலை பஸ் வெள்ளணவே போகிறது, கடைகள் பிந்தித்தான் பூட்டுகின்றன. ஏழரைக்குத் திறந்து இரண்டுக்குப் பூட்டினால் அது ஆசிரியைகளுக்கு மட்டும் உதவும். இருபத்துநான்கு இடத்தில் எட்டு இடமாவது சந்தையிலும் நாட்கூலியிலும் வேலை செய்கிறவர்களுக்கு, தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்களுக்கு என்று ஒதுக்க வேண்டும். பழைய மாணவியின் பிள்ளைக்கு முன்னுரிமை வேண்டும் என்று ஒரு கருத்து வந்தது. நாங்கள் உடன்படவில்லை. சபையின் கட்டடம் ஊருக்குரியது. வெளியே விறாந்தையில் பிள்ளை பார்க்கிற பெண்களில் விருப்பமானவர்களையே முதலில் எடுத்துப் பயிற்றலாம் என்பது எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்களின் யோசனை, நல்ல யோசனை. பயிற்சியில் சுகாதாரப் பகுதியை நாங்கள் பொறுப்பெடுக்கிறோம். தொண்டையில் அடைத்தால் என்ன செய்வது, கைக்குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைப்பது, பிள்ளையின் உடம்பில் காயம் கண்டால் யாருக்குச் சொல்வது, 1929 என்ற இலக்கத்துக்கு எப்போது அழைப்பது என்பவை எல்லாம் அதில் வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். எண்ணிக்கை. காத்திருப்புப் பட்டியல் நீளும்போது, "இன்னும் இரண்டே இரண்டு பிள்ளை, டொக்டர்" என்று சிபாரிசு வரும். தவிசாளரிடமிருந்தும் வரும், அதிபரிடமிருந்தும் வரும், நம் வகுப்புத் தோழிகளிடமிருந்தும் வரும். இருபத்துநான்கு என்றால் இருபத்துநான்குதான். தேவை கூடினால் இரண்டாவது நிலையத்தைத் திறப்போம், முதலாவதில் அடைக்க மாட்டோம்.

சபையின் அடுத்த வருடப் பாதீடு இவ்வருட முடிவுக்குள் சமர்ப்பிக்கப்படும். அதற்கு முன் சங்கத்தின் கடிதம் தவிசாளரின் மேசையில் இருக்க வேண்டும். கடித வரைவைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். பிற்பகல் பொதுக்கூட்டத்தில் அது வாசிக்கப்படும், திருத்தங்களைச் சொல்லுங்கள். கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, சிட்னிக் கிளைகள் மூன்று வருடத் தொகையைத் தங்களுக்குள் எப்படிப் பிரிப்பதென்று இரவு விருந்துக்கு முன் பேசி முடித்துவிட்டால் நல்லது. பயிற்சிக்கு உதவக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் தாதியர்களும் மண்டப வாசலில் வைத்திருக்கும் கொப்பியில் பெயரையும் கிழமையில் எத்தனை மணித்தியாலம் தர முடியும் என்பதையும் எழுதுங்கள். காலையில் பார்த்தபோது அதில் ஏழு பெயர் இருந்தது.